கையடக்க டிஜிட்டல் வீடியோ கேமராவைப் பிரிக்கும் முறை

கையடக்க வீடியோ கேமராவைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் உள்ளே சிக்கிக்கொண்ட ஒரு கேசட்டால் வருகிறது. அல்லது அந்தக் கேமராவை விட்டால் வேறெதிலும் ஓட்டிப் பார்க்க வழியில்லாத பத்து இருபது கேசட்டுகள் அலமாரியில் இருப்பதால் வருகிறது. 1995இல் அறிமுகமான மினிடிவி முறையில், 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள காந்த நாடாவில் படமும் ஒலியும் எண்களாகப் பதிவாகின்றன. ஒரு மணி நேரக் கேசட் ஒன்றில் ஏறத்தாழ 13 ஜிபி தரவு இருக்கும். அதை வெளியே எடுக்க, நன்றாக ஓடும் மினிடிவி கேமராவோ, கேசட்டை ஓட்டும் தனிக் கருவியான டெக்கோ கட்டாயம் வேண்டும். நினைவட்டையில் பதிவு செய்யும் பிற்காலக் கேமராக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அட்டையைக் கழற்றி வேறு கருவியில் படித்துக்கொள்ளலாம். அதனால் இங்கே மினிடிவி கேமராவையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு அட்டைக் கேமரா கடினமாக இருக்காது.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை இயன்றவரை வெளியிலிருந்தே கண்டறிந்துவிட வேண்டும், ஏனெனில் எவ்வளவு தூரம் பிரிப்பது என்பதை முடிவு செய்வது அதுதான். மடிப்புத் திரை வெள்ளையாகவோ கோடுகளாகவோ தெரிந்து, கண்ணோக்கியிலும் தொலைக்காட்சியிலும் படம் சரியாக வந்தால், திரையின் கீலுக்குள் ஓடும் ரிப்பன் கேபிள் அறுந்திருக்க வேண்டும். அதற்கு நாடா இயங்கும் பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. பழைய கேசட் நன்றாக ஓடி, கேமரா நிலையில் மட்டும் படம் கறுப்பாகவோ ஊதா நிறம் ஏறி உருக்குலைந்தோ வந்தால், பட உணரியைச் சந்தேகிக்கலாம். 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் தயாரான, சிசிடி என்ற வகையைச் சேர்ந்த சில பட உணரிகளில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் உள்ளிணைப்புக் கம்பிகள் விட்டுப்போவது தெரியவந்து, 2005இல் பல கேமரா நிறுவனங்கள் அதுபற்றி அறிவிப்பு வெளியிட்டன. அத்தகைய கேமராவால் இனிப் படம் பிடிக்க முடியாவிட்டாலும் கேசட்டை ஓட்ட முடியும் என்பதால், கேசட்டுகளை மாற்றிப் பதிவு செய்வதற்காக மட்டும் வைத்திருப்பவர் அதைத் திறக்காமல் விடுவதே நல்லது. ஓடும் படத்தில் சதுரச் சதுரமாகச் சிதறல் வந்தால், நாடாவைப் படிக்கும் முனையான ஹெட் அழுக்கடைந்திருக்கலாம். முதலில் துப்புரவுக் கேசட்டை அதன் உறையில் சொல்லியிருக்கும் சில நொடிகளுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். மின்சாரமே ஏறவில்லை என்றால் பேட்டரியை விட்டு அடாப்டரில் இயக்கிப் பாருங்கள், பேட்டரி தொடும் தகடுகளைத் துடைத்துப் பாருங்கள். உள்நினைவகத்தில் காட்சிகள் இருந்தால், கேமரா உயிரோடு இருக்கும்போதே அவற்றைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கருவிகள்

கருவிகளில் முதன்மையானது திருப்புளி. இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை ஜப்பானிய வடிவமைப்பைச் சேர்ந்தவை. அவற்றின் திருகாணித் தலையிலுள்ள கூட்டல்குறிப் பள்ளம் ஜப்பானியத் தரநிலையான ஜேஐஎஸ் முறைப்படி வெட்டப்பட்டது. பார்வைக்கு அது சாதாரண ஃபிலிப்ஸ் பள்ளம் போலவே இருக்கும். ஆனால் ஃபிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காமல் மேலேயே தங்கி, திருப்பும்போது வழுக்கிப் பள்ளத்தை மழுக்கிவிடும். மழுங்கிய ஒரே திருகாணி முழு வேலையையும் நிறுத்திவிடக்கூடும் என்பதால், 0, 00 ஆகிய அளவுகளில் நல்ல ஜேஐஎஸ் முனைகளை வாங்கிக்கொள்வது வீண் செலவாகாது. திருப்பும்போது விசையில் பெரும்பகுதி கீழ்நோக்கிய அழுத்தமாக இருக்க வேண்டும், திருப்புதல் அதற்கு அடுத்ததுதான். இறுகிப்போன திருகாணியின் மரையில் பூட்டுப் பசை இடப்பட்டிருக்கலாம். சூடான சால்டரிங் முனையை அதன் தலையில் இரண்டு மூன்று நொடிகள் வைத்து எடுத்தால் பசை இளகும். சுற்றிலும் பிளாஸ்டிக் இருந்தால் அதற்கு மேல் ஒரு நொடியும் வைக்கக் கூடாது.

இவற்றோடு பிளாஸ்டிக் நெம்பு தகடுகள் இரண்டு, நுனி மெல்லிய இடுக்கி ஒன்று, பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம், 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு நூல் உதிராத துணி ஆகியவை வேண்டும். மனித உடல் உணரக்கூடிய நிலைமின்சாரமே சுமார் 3000 வோல்ட்டுக்கு மேற்பட்டது. சில சில்லுகளோ சில நூறு வோல்ட்டிலேயே கெடும். ஆகவே மணிக்கட்டில் நிலமிணைப்புப் பட்டை அணிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டைக்குள் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கும். அது அணிபவரின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது என்பதால், வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது அதற்கு மாற்றாகாது.

கழற்றும் திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டுவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் கேமராவின் ஒவ்வொரு பக்கத்தையும் கோட்டோவியமாக வரைந்து, இருபக்கமும் ஒட்டும் நாடாவை அதன்மேல் ஒட்டி, எடுத்த இடத்திலேயே அந்தந்தத் திருகாணியைப் பதித்து வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கேமராவைப் பூட்டும்போது நான் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள திருகாணியைத் தவறான துளையில் முடுக்கினேன். அது மறுபக்கம் வெளிப்பட்டு மின்சுற்றுப் பலகையில் குத்தி, அதுவரை நன்றாக ஓடிய கேமராவை ஒரே நொடியில் முடித்துவிட்டது. அன்றிலிருந்து வரைபடத் தாள் இல்லாமல் நான் எந்தக் கேமராவையும் திறந்ததில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படமெடுப்பதும் நல்லது, ஆனால் படத்தில் திருகாணியின் நீளம் தெரியாது.

மின்சாரம்

நாடாக் கேமராவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கேசட் மூடி மின்சாரத்தால்தான் திறக்கும், உறையைப் பிடித்திருக்கும் திருகாணிகளில் ஒன்றிரண்டு அந்த மூடிக்கு அடியில்தான் இருக்கும். ஆகவே கேமராவுக்கு உயிர் இருந்தால் முதலில் மூடியைத் திறந்து, கேசட்டை வெளியே எடுத்து, மூடி திறந்த நிலையிலேயே பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிடுங்கள். நினைவட்டையையும் எடுத்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக் கூடாது. நிழற்படமும் எடுக்கக்கூடிய கேமராக்கள் பலவற்றில் செனான் ஃபிளாஷ் விளக்கு உண்டு. அதற்கு மின்சாரம் தரும் மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட்டுக்கு ஏற்றப்படும். 100 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள மின்தேக்கியில் அந்த அழுத்தத்தில் 4.5 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் அது அங்கேயே இருக்கக்கூடும். அதைத் தொட்டால் கடுமையான அதிர்ச்சி ஏற்படும், கை தானாக உதறுவதில் கேமராவும் கீழே விழும். உறையின் முன்பக்கத்தைத் திறந்ததும் ஃபிளாஷ் விளக்கின் அருகே விரல் நுனியளவு பருமனுள்ள உருளை வடிவ மின்தேக்கியைத் தேடுங்கள். ஒரு கிலோ ஓம், ஐந்து வாட் மின்தடையின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பிகளைப் பற்றவைத்து, மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில நொடிகள் தொடுங்கள். கணக்குப்படி அரை நொடியிலேயே அது வடிந்துவிடும் என்றாலும், மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பின்பே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். திருப்புளியால் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து வடிக்கும் முறையைப் பலர் கையாளுகிறார்கள்; தீப்பொறி முனைகளை உருக்குவதோடு அருகிலுள்ள சில்லுகளையும் கெடுக்கக்கூடும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. ஃபிளாஷ் இல்லாத கேமராவில் இந்தக் கவலை கிடையாது. மிகப் பழைய கேமராக்களில் திரைக்குப் பின்னொளி தரும் மெல்லிய குழல்விளக்கு உயர் அழுத்தத்தில் எரியும், ஆனால் அது மின்சாரம் ஓடும்போது மட்டுமே.

மேலுறை

கையைச் செருகும் பட்டையை முதலில் கழற்றுங்கள், அதன் மெத்தைக்கு அடியில் திருகாணிகள் இருப்பது வழக்கம். அடுத்து அடிப்பக்கம், பேட்டரி அமரும் பள்ளம், மடிப்புத் திரையை விரித்தால் தெரியும் பகுதி, கண்ணோக்கியை வெளியே இழுத்தால் தெரியும் பகுதி, இணைப்புத் துளைகளை மூடும் ரப்பர் மூடிகளின் அடி என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். மேலே துணைக்கருவி மாட்டும் உலோகத் தடம் இருந்தால், அதற்குள் வளைந்து நிற்கும் எஃகுத் தகட்டைப் பின்னோக்கித் தள்ளி எடுத்தபின் அடியில் திருகாணிகள் தெரியும். எல்லாம் கழற்றிய பிறகும் உறை ஓரிடத்தில் மட்டும் அசையாமல் நின்றால், அந்த இடத்திலுள்ள ஒட்டுத்தாளை விரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் பள்ளம் தட்டுப்பட்டால் அங்கே ஒரு திருகாணி ஒளிந்திருக்கிறது. உறை வராததற்கு விசை போதாமை காரணமாக இருப்பது அரிது, கண்ணில் படாத ஒரு திருகாணிதான் பெரும்பாலும் காரணம்.

பிறகு நெம்பு தகட்டை இணைப்புக் கோட்டில் செருகி, கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். உறை விலகத் தொடங்கியதும் ஒரு விரல் அகலத்தோடு நிறுத்திவிட்டு, விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். பதிவுப் பொத்தான், ஜூம் நெம்புகோல், ஒலிவாங்கி, திரை ஆகியவற்றிலிருந்து வரும் ரிப்பன்களும் மெல்லிய கம்பிகளும் உறைக்கும் உடலுக்கும் இடையே குறுக்கே போயிருக்கும். உறையை ஒரேயடியாக இழுப்பவர் முதலில் அறுப்பது இவற்றைத்தான். ஒலிவாங்கியின் கம்பிகள் குறிப்பாக மிக மெல்லியவை. அவை பற்றவைப்பிலிருந்து விட்டுப்போனால் படம் வரும், ஒலி வராது, காரணமும் எளிதில் புலப்படாது.

ரிப்பன் இணைப்புகள்

இந்த வேலையில் கையின் தேர்ச்சி மிகவும் வேண்டப்படுவது ரிப்பன் கேபிள்களைக் கழற்றுவதில்தான். இணைப்பான்களில் மூன்று வகைகளைக் காணலாம். முதல் வகையில் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு சிறு மடல் இருக்கும், அதை நகத்தால் மேல்நோக்கித் தூக்கினால் பிடி தளரும். இரண்டாம் வகையில் அந்தத் துண்டு மேலே எழாது. இரு ஓரங்களிலும் நீட்டியிருக்கும் காதுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் தள்ள வேண்டும். மூன்றாம் வகைக்குப் பூட்டே கிடையாது, ரிப்பனை அதன் தளத்திலேயே நேராக இழுத்தால் வரும். எது எந்த வகை என்பதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தள்ள வேண்டிய துண்டைத் தூக்கினால் அது ஒடிந்துவிடும். ஒடிந்த இணைப்பானைப் பலகையிலிருந்து எடுத்து வேறொன்றைப் பற்றவைப்பது வீட்டு மேசையில் ஆகிற வேலையாக இருப்பதில்லை. முதல் வகையில் மடல், ரிப்பன் நுழையும் வாயிலேயே இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சிலவற்றில் அது எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை வாயின் பக்கமிருந்து நெம்பி நான் உடைத்திருக்கிறேன்.

கழற்றும் முன் ரிப்பனின் உலோகக் கோடுகள் மேல்நோக்கி இருக்கின்றனவா கீழ்நோக்கி இருக்கின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல ரிப்பன்களின் நுனிக்குச் சற்று முன்னே குறுக்குக் கோடு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். திரும்பச் செருகும்போது அந்தக் கோடு இணைப்பானின் விளிம்புக்கு இணையாக, இரு புறமும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். கோடுகளுக்கு இடையிலான தூரம் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருப்பதால், சற்றுச் சாய்ந்தாலும் அடுத்த கோட்டோடு தொடர்பு ஏற்பட்டுவிடும். செருகி, நேராக இருப்பதைப் பார்த்து, பிறகு பூட்டி, பூட்டிய பின் மிக மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். ரிப்பனை எங்கும் கூர்மையாக மடிக்காதீர்கள், ஏற்கெனவே மடிந்திருக்கும் இடத்தை நிமிர்த்தவும் வேண்டாம்.

நாடா இயங்கும் பகுதி

உறைகள் இரண்டும் நீங்கியபின், பலகையும் லென்ஸ் தொகுதியும் நாடா இயக்கத் தொகுதியும் தனித்தனியாகத் தெரியும். சிக்கிய கேசட்டை எடுப்பதற்கு இந்தத் தொகுதியை முழுவதும் வெளியே எடுக்க வேண்டிய தேவை பல நேரங்களில் எழாது. மேலிருந்து பார்க்க முடிந்தாலே போதும். நாடா கேசட்டுக்குள் திரும்பாமல், ஹெட்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளையான டிரம்மைச் சுற்றியே நிற்கும்போது கேசட் கூட்டை மேலே இழுத்தால் நாடா கசங்கும், அல்லது அறும். செய்ய வேண்டியது இதுதான்: நாடாவை இழுத்து வரும் இரண்டு வழிகாட்டிக் கம்பங்களைப் பின்னோக்கிச் செலுத்தும் சிறு மோட்டாரைக் கண்டுபிடியுங்கள். அதன் அச்சில் ஒரு புழுப்பற்சக்கரம் இருக்கும். அதை விரலாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ ஒரு திசையில் சிறிது சுற்றி, கம்பங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். கேசட்டை நோக்கி அவை நகரும் திசையில் தொடர்ந்து சுற்றுங்கள். சக்கரம் மிக மெதுவாகவே இயக்கத்தைக் கடத்தும் என்பதால் இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். கை எட்டாத இடத்தில் மோட்டார் இருந்தால், அதன் இணைப்பைப் பலகையிலிருந்து விலக்கிய பிறகு, இரண்டு சாதாரண பேட்டரிகளின் 3 வோல்ட்டை அதன் முனைகளில் சிறிது சிறிதாகக் கொடுத்து ஓட்டலாம். கம்பங்கள் பின்வாங்கும்போது நாடா தொங்கத் தொடங்கும். அவ்வப்போது நிறுத்தி, கேசட்டின் சுருளைச் சுற்றித் தொங்கலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கம்பங்கள் முழுமையாக அடங்கிய பின் அதே மோட்டார் கேசட் கூட்டையும் விடுவிக்கும்.

டிரம்மைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேமராவிலுள்ள பாகங்களில் அறியாமையால் அதிகம் பாழாவது அதுதான். 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த உருளை நிமிடத்துக்கு 9000 முறை சுழல்கிறது. அதன் பக்கவாட்டில் பதிந்துள்ள இரு ஹெட்டுகள், ஒவ்வொன்றும் 10 மைக்ரான் அகலமுள்ள சாய்வான தடங்களை நொடிக்கு 300 என்ற கணக்கில் நாடாவில் எழுதுகின்றன, படிக்கின்றன. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய தடத்தைப் படிக்கும் ஒன்றின்மேல் ஒரு துகள் ஒட்டினாலும் படம் சிதறும். விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும். ஹெட்டின் நுனி எளிதில் விள்ளக்கூடிய ஃபெரைட் வகைப் பொருளால் ஆனது. பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தால் இழை அதில் மாட்டி நுனியைப் பெயர்த்துவிடும். துடைப்பதற்கென்றே பதனிட்ட மென்தோல் சுற்றிய குச்சிகள் கிடைக்கின்றன. அதை ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கத்தில் மெல்லச் சாய்த்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் டிரம்மின் மேல் முகத்தை மட்டும் தொட்டு அதை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சியை மேலும் கீழுமாக ஒருபோதும் நகர்த்தக் கூடாது. பக்கவாட்டு விசையைத் தாங்கும் ஹெட், செங்குத்து விசையில் உடையும். துடைத்தபின் முழுமையாக உலரும்வரை கேசட்டைப் போடாதீர்கள், ஈரமான டிரம்மில் நாடா ஒட்டிக்கொள்ளும்.

நாடாவைச் சீரான வேகத்தில் நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டையும் நாடா உரசிச் செல்லும் கம்பங்களையும் ஆல்கஹாலால் தாராளமாகத் துடைக்கலாம். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பருக்கு ஆல்கஹாலை அடிக்கடி பயன்படுத்தினால் அது காய்ந்து கெட்டியாகும், ஈரத் துணியால் துடைப்பதே போதும். நகரும் தகடுகளின் தடத்தில் பழைய கிரீஸ் மெழுகாய் இறுகியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத புதிய கிரீஸை ஊசி முனையளவு இடுங்கள். கேசட் சிக்குவதற்கு இந்த இறுகிய கிரீஸே பல முறை காரணமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். வழிகாட்டிக் கம்பங்களின் உச்சியில் திருகாணி போன்ற வெட்டு தெரியும். அதைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையில் ஒத்திசைவு நாடாவும் அலைகாட்டியும் கொண்டு அமைத்த உயரம் அது, கால் சுற்று திரும்பினாலும் வேறு கருவிகளில் பதிந்த கேசட்டுகள் சரியாக ஓடாமல் போகும்.

திரையின் கீல்

திரைச் சட்டத்தின் திருகாணிகள் இரண்டு முதல் நான்கு வரை இருக்கும். சில, மூலையிலுள்ள சிறு ரப்பர் பொட்டுகளுக்கு அடியில் இருக்கும். சட்டத்தைப் பிரித்ததும் திரையும் பின்னொளித் தாள்களும் ஒரு சிறு பலகையும் தெரியும். பின்னொளித் தாள்களைப் பிரிக்காமல் அப்படியே விடுங்கள், அவற்றுக்கு இடையே புகும் தூசி எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கீலுக்குள் ரிப்பன் ஒரு சுருள்வில் போல ஒன்றரை அல்லது இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். திரை வெளிப்பக்கம் 90 பாகை திறப்பதற்கும், அங்கிருந்து ஏறத்தாழ 270 பாகை முறுக்கிக்கொள்வதற்கும் வேண்டிய தளர்வை அந்தச் சுற்றுகளே தருகின்றன. ஆகவே பழைய ரிப்பனை எடுக்கும் முன் எத்தனை சுற்று, எந்தத் திசையில், எந்தப் பக்கம் வெளியே பார்த்தபடி என்பவற்றை மூன்று நான்கு கோணங்களில் படமெடுத்து வையுங்கள். புதியதை ஒரு சுற்றுக் குறைத்துச் சுற்றினால் முதல் நாள் நன்றாக ஓடும், சில முறை திருப்பியதும் இழுபட்டு அறும். பூட்டுவதற்கு முன் திரையை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகத் திருப்பி, எங்கும் ரிப்பன் பிடிபடாமல் நகர்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸும் பலகையும்

லென்ஸ் தொகுதியை ஒரே துண்டாகக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் பின்புறத்தில் பட உணரி இரண்டு அல்லது மூன்று திருகாணிகளாலோ பசையாலோ பொருத்தப்பட்டிருக்கும். அதைத் தளர்த்தினால் லென்ஸுக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் மாறி, ஜூம் செய்து தொலைவை இழுக்கும்போது தெளிவாக இருக்கும் காட்சி, கோணத்தை விரித்ததும் மங்கிப்போகும். அதைச் சரிசெய்யத் தயாரிப்பாளரின் சேவை மென்பொருளும் அளவுத் தாள்களும் வேண்டும். மூன்று சிசிடி உள்ள கேமராக்களில் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிக்கும் கண்ணாடிப் பட்டகத்திலேயே உணரிகள் ஒட்டப்பட்டிருப்பதால், அங்கே கைவைக்க இடமே இல்லை. முன்கண்ணாடியின் வெளிப்புறத் தூசியை ஊதியும் துடைத்தும் எடுங்கள். உள்ளே ஒன்றிரண்டு துகள்கள் தெரிந்தால் அவை படத்தில் தெரிகின்றனவா என்று பார்த்து, தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பலகையில் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். நாளையும் நேரத்தையும் காப்பது அது. பல கேமராக்களில் அது மீண்டும் மின்னேற்றக்கூடிய வகை. அதன் இடத்தில் மின்னேற்ற முடியாத சாதாரண லித்தியம் பேட்டரியை வைத்தால், கேமரா அதற்கு மின்னேற்ற முயன்று அது கசியவோ வெடிக்கவோ கூடும் என்பதால், மேலே பொறித்துள்ள எழுத்துகளைப் பார்த்து அதே வகையை மட்டுமே பொருத்த வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டைக் கேமராக்களில் பலகை ஒன்றே ஒன்றுதான். உறை பெரும்பாலும் பசையாலும் கொக்கிகளாலும் நிற்கும். அவற்றில் உள்ளே ஒட்டப்பட்ட லித்தியம் அயன் பேட்டரியைக் கூரிய கருவியால் நெம்பக் கூடாது, துளைபட்டால் தீப்பற்றும். சாதாரண அல்கலைன் பேட்டரி போடும் கேமராவில் கசிவினால் வெண்மையான பொருக்குப் படிந்திருந்தால், வினிகர் தொட்ட குச்சியால் அதைக் கரைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள்.

பூட்டுதல்

பூட்டும் வரிசை, பிரித்த வரிசையின் தலைகீழ். ஆனால் உறையை முழுவதும் மூடுவதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். பலகையின் அடியில் உலோகம் எதுவும் படாதபடி உலர்ந்த அட்டையை விரித்து, ரிப்பன்கள் எல்லாம் செருகியிருப்பதை எண்ணிப் பார்த்து, அதன் பின் மின்சாரம் கொடுங்கள். இந்த நேரத்தில் ஃபிளாஷ் மின்தேக்கி மீண்டும் ஏறிவிடும் என்பதை நினைவில் வைத்து, சோதனை முடிந்ததும் அதை மறுபடி வடித்துவிட்டே உறையைத் தொடுங்கள்.

பிளாஸ்டிக்கில் நேரடியாக மரை வெட்டிச் செல்லும் திருகாணிகளைப் பூட்டும்போது, முதலில் இடப்புறமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் திருகாணி சற்றே கீழே விழுந்தது போன்ற அசைவு விரலுக்குத் தெரியும். அது பழைய மரையின் தொடக்கம். அங்கிருந்து வலப்புறமாக முடுக்கினால் புதிய மரை வெட்டாமல் பழைய தடத்திலேயே இறங்கும். எல்லாத் திருகாணிகளையும் பாதி இறக்கி, உறையின் இணைப்புக் கோடு எங்கும் ஒரே அளவில் மூடியிருப்பதைப் பார்த்த பிறகு, ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தால் உள்ளே ஒரு ரிப்பனோ கம்பியோ நசுங்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தி மூடாமல் திறந்து பாருங்கள்.

மூடிய கேமராவில் முதலில் போட வேண்டியது, இழந்தாலும் வருத்தமில்லாத ஒரு கேசட். கேசட் கூட்டை மூடும்போது அழுத்த வேண்டிய இடம் அதன்மேலேயே குறிக்கப்பட்டிருக்கும், அந்த இடத்தில் மட்டும் அழுத்துங்கள். சில நிமிடங்கள் பதிவு செய்து, ஓட்டிப் பார்த்து, முன்னும் பின்னும் விரைவாகச் சுற்றி, வெளியே எடுத்து, நாடாவின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் சுருக்கமோ அலை போன்ற மடிப்போ இருந்தால் வழிகாட்டிகளில் ஒன்று சரியாக அமரவில்லை என்று பொருள், மறுபடி திறக்க வேண்டும். விளிம்பு நேராக, கீறலின்றி இருந்தால், எந்தக் கேசட்டுக்காக இத்தனையும் செய்தீர்களோ அதை எடுத்து, தற்செயலாக அழியாமல் இருக்க அதன் முதுகிலுள்ள காப்புத் தாழை நகர்த்திவிட்டு, கணினியில் பதிவைத் தொடங்கிய பின் ஓட விடுங்கள். பழைய நாடா இரண்டாம் முறை ஓடும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், அந்த முதல் ஓட்டத்தையே முழுமையாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.